பதினொரு வயதுக் கட்சிக்காரன்: வாசகர் அபிப்பிராயங்களுக்கு ஒரு மறுப்பு

நாவல் படிப்பது பொழுதை வீணாக்கும் வேலை என்று நம்மவரில் பலர் எண்ணியிருந்த காலம் ஒன்று உண்டு. அக்காலம் கழிந்து, படித்த நாவலைப் பற்றிக் கூடிப் பேசுவதும் வாதிப்பதும் அறிவு வளர்ச்சிக்கு உரியவையே என்னும் எண்ணம் இன்று வேரூன்றியிருக்கிறது. இது மகிழத்தக்கதே. ஆயினும் நாவில் வந்ததையெல்லாம் அபிப்பிராயம் என்று சொல்லிவிட முடியாது. ஒரு நூலில் இன்னது குறை என்று சொல்லும்போதே, தான் எத்தகைய வாழ்க்கையை வாழ்ந்தவன், எதைக் கண்டு எதைக் காணாது விட்டவன் என்பதையும் வாசகன் சொல்லிவிடுகிறான். இதனை மறந்து தீர்ப்பளிப்போர் பெருகிவிட்டமையாலேயே நாம் இதனை எழுத நேர்ந்தது.

ஜான் கிரிஷாம் என்னும் அமெரிக்க ஆசிரியர் 1993-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தி கிளையண்ட்' என்னும் நாவலே இங்கு நாம் எடுத்துக்கொண்ட விஷயம். தன் வழக்கைப் பார்க்கும்படி வக்கீலை அமர்த்திக்கொள்பவனை நம் நாட்டு வக்கீல் குமாஸ்தாக்கள் 'கட்சிக்காரன்' என்பார்கள். அதுவே அந்நூலின் பெயருக்குப் பொருள். இங்கே அந்தக் கட்சிக்காரனுக்கு வயது பதினொன்று. 1994-இல் இக்கதை சினிமாப் படமாகவும் வந்தது. நூல் வெளிவந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதைப் பற்றிய வாதம் ஓய்ந்தபாடில்லை. ஆங்கிலம் கற்ற பட்டண வாசகர்களிடமும், கதையைப் படமாகக் கண்ட தோட்டத்து இளைஞர்களிடமும், அந்நாட்டு வாசகர்களிடமும் அடிக்கடி கேட்கும் அபிப்பிராயங்கள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வோம்.

கதையை அறியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். டென்னஸி மாகாணத்து மெம்பிஸ் நகருக்கு வெளியே, டிரெய்லர் என்னும் வண்டி வீடுகள் வரிசையாக நிற்கும் ஓர் ஏழைக் குடியிருப்பு. அங்கே தாயுடனும் எட்டு வயதுத் தம்பி ரிக்கியுடனும் வாழ்கிறான் மார்க் ஸ்வே. தாய் தொழிற்சாலையில் கூலி வேலை செய்பவள். குடித்துவிட்டு அடிக்கும் தந்தையை விட்டுப் பிரிந்த குடும்பம் அது. ஒருநாள் சிறுவர் இருவரும் திருட்டுத்தனமாகச் சிகரெட்டுப் புகைக்கக் காட்டுக்குள் செல்கின்றனர். அங்கே நியூ ஆர்லியன்ஸ் நகரத்து வக்கீல் ஒருவன், தன் மோட்டார் வண்டியின் புகைக் குழாயில் ரப்பர்க் குழாயை மாட்டி, அதன் மறுமுனையை வண்டிக்குள் விட்டுத் தற்கொலைக்கு முயல்வதைக் காண்கின்றனர். மார்க் ஓசையின்றி ஊர்ந்து சென்று குழாயைப் பிடுங்குகிறான், மீண்டும் பிடுங்குகிறான், அகப்பட்டுக்கொள்கிறான். சாகத் துணிந்த வக்கீல், கொலையுண்ட செனட்டர் ஒருவரின் உடல் எங்கே புதைக்கப்பட்டிருக்கிறது என்ற இரகசியத்தைச் சிறுவனிடம் உளறிவிட்டுத் தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறான். அதைக் கண்ட தம்பி பேச்சு மூச்சற்று ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அன்று முதல் மார்க்கைச் சுற்றி இரண்டு கூட்டங்கள். இரகசியத்தைச் சொல்லாதே என்று கத்தியைக் காட்டும் கொலைக்கூட்டம் ஒன்று. சொல்லியே தீரவேண்டும் என்று சட்டத்தைக் காட்டும் சர்க்கார் கூட்டம் மற்றொன்று. தாயோ இளையவன் படுக்கையை விட்டு அகல முடியாதவள். மூத்தவன் தனியே நடந்து சென்று, ரெஜி லவ் என்னும் பெண் வக்கீலை ஒரே ஒரு டாலர் கொடுத்து அமர்த்திக்கொள்கிறான்.

இதுதான் கதை. இனி அபிப்பிராயங்களுக்கு வருவோம்.

முதல் ஆட்சேபம்: "பதினொரு வயதுப் பிள்ளை இப்படிப் பேசுவானா?"

மார்க் அளவுக்கு மிஞ்சிய புத்திசாலியாகக் காட்டப்படுகிறான், பெரியவர்களோடு சரிக்குச் சரி வாதாடுகிறான், இது இயற்கைக்கு மாறானது என்பது பலர் சொல்லும் குறை. சில இடங்களில் அவன் விடுக்கும் பதில்கள் அளவுக்கு மேல் தீட்டப்பட்டவை என்பதை நாமும் ஒப்புகிறோம். ஆனால் அவன் அறிவே பொய் என்று சொல்வோரை நாம் ஒன்று கேட்கிறோம். இதே ஆசிரியர் 2010-ஆம் ஆண்டு முதல் தியடோர் பூன் என்னும் சிறுவனைக் கதாநாயகனாக வைத்துச் சிறுவர் நாவல்கள் எழுதினார். அவனுக்கு வயது பதின்மூன்று. தாயும் தந்தையும் வக்கீல்கள். கோர்ட்டு வாசலிலேயே வளர்ந்து, பள்ளித் தோழர்களுக்குச் சட்ட ஆலோசனை சொல்கிறான். அந்தப் பிள்ளையைப் பார்த்து, "வக்கீல் வீட்டுப் பிள்ளை, அறிவு இருக்கத்தானே செய்யும்" என்பவர்கள், வண்டி வீட்டுப் பிள்ளைக்கு மாத்திரம் அறிவு எப்படி வந்தது என்று வியப்பது ஏன்? செல்வன் வீட்டுப் பிள்ளையின் அறிவு இயற்கை, கூலிக்காரி பிள்ளையின் அறிவு கற்பனையா?

அறிவு புத்தகத்திலிருந்து மட்டும் வருவதன்று. குடித்துவிட்டு வரும் தந்தையின் காலடி ஓசையைக் கேட்டே இன்று அடி உண்டா இல்லையா என்று கணிக்கத் தெரிந்த பிள்ளை, ஒரு துப்பறியும் உத்தியோகஸ்தரின் இனிய பேச்சில் உள்ள சூதைக் கண்டுபிடிப்பதில் என்ன விந்தை? நம் தோட்டங்களில் பாட்டனுக்கு வந்த சர்க்கார்க் கடிதத்தை மலாயில் படித்து, தமிழில் சொல்லி, பதிலுக்குப் பாரத்தை நிரப்பி, கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டுபவர் யார்? ஐந்தாம் வகுப்பும் ஆறாம் வகுப்பும் படிக்கும் பிள்ளைகளே. கிளினிக்கில் தாயின் நோயை மருத்துவருக்கு எடுத்துரைத்து, மருத்துவர் சொல்வதைத் தாய்க்குத் திருப்பிச் சொல்பவரும் அவர்களே. சிறுவயதிலே பெரியவராகும்படி வறுமை அவர்களை நிர்ப்பந்திக்கிறது. அதைக் கண்டு வருந்த வேண்டியவர்கள், நம்பத்தகாதது என்று தள்ளுவது தகுமா?

இரண்டாவது ஆட்சேபம்: "அவன் பொய்யன், பிள்ளைகளுக்குத் தீய முன்மாதிரி."

சிகரெட்டுப் புகைக்கிறான், போலீசாரிடம் பொய் சொல்கிறான், காவலிலிருந்து தந்திரமாகத் தப்பியோடுகிறான். இத்தகைய சிறுவனைக் கதாநாயகனாக்கலாமா என்பது ஒழுக்கத்தில் அக்கறையுள்ள பெற்றோர் பலரது கேள்வி. அவ்வக்கறையை நாம் மதிக்கிறோம். ஆனால் இவர்கள் கணக்கில் ஒருபக்கம் விட்டுப்போயிற்று. அந்தக் கதையில் பெரியவர்கள் சொல்லும் பொய்கள் எத்தனை? போலீஸ்காரர் அன்போடு குடிக்கக் கொடுத்த பானத்தின் தகரக் குவளையிலிருந்து சிறுவனின் கைரேகையை எடுக்கிறார்கள். தாய் அருகில் இல்லாத வேளை பார்த்து அவனைத் தனி அறைக்கு அழைத்து விசாரிக்கிறார்கள். "எனக்கு வக்கீல் வேண்டுமா?" என்று அவன் நேராகக் கேட்டபோது, வேண்டியதில்லை என்று சர்க்கார்த் துப்பறிவோர் நயமாகச் சொல்கிறார்கள். அதை ஒலிப்பதிவுக் கருவியொன்று அவன் உடையினுள்ளிருந்து பதிவு செய்துகொண்டிருந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது.

குழந்தையை ஏமாற்றிய பெரியவர்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், ஏமாற மறுத்த குழந்தையைப் பொய்யன் என்பது எந்த ஒழுக்க நூலில் உள்ள நியாயம்? வீட்டில் கடன்காரர் வந்தால் "அப்பா இல்லையென்று சொல்" என்று பிள்ளையை வாசலுக்கு அனுப்புகிறவர்கள், நாவலில் வரும் பிள்ளையின் வாய்மையைத் தராசில் இட்டு நிறுப்பது நகைப்புக்கிடமாகும்.

மூன்றாவது ஆட்சேபம்: "உண்மையைச் சொல்லிவிட்டால் கதை முடிந்தது. ஏன் சொல்லவில்லை?"

இதுவே எல்லாவற்றிலும் பெரிய ஆட்சேபம். நம் கண்டனத்துக்கு முதன்மையாக உரியதும் இதுவே. "முதல் நாளே போலீசாரிடம் உள்ளதைச் சொல்லியிருந்தால் இத்தனை துன்பமும் இல்லை, நாவலே நாற்பது பக்கத்தில் முடிந்திருக்கும்" என்று இவர்கள் கூறுகின்றனர்.

இப்படிச் சொல்வோரின் மனத்தில் நிற்பது அரிச்சந்திரன் கூத்து என்று நாம் கருதுகிறோம். விடிய விடிய அக்கூத்தைக் கண்டு கண்ணீர் விட்ட பரம்பரை நம்முடையது. நாடு போனாலும், மனைவி விற்கப்பட்டாலும் வாய்மை தவறாத மன்னனைப் போற்றிப் போற்றி நமக்கு அலுப்பதில்லை. ஆனால் அந்தக் கதையில் ஒரு பிள்ளை உண்டே, லோகிதாசன். அவனைப் பற்றி எவரேனும் சிந்தித்ததுண்டா? வாய்மை காப்பதாகச் சபதம் செய்தவர் தந்தை. அந்தச் சபதத்துக்கு விலையாகத் தாயோடு விற்கப்பட்டு, காட்டுக்குச் சென்ற இடத்தில் பாம்பு தீண்டி மாண்டவன் பிள்ளை. "உன் தந்தையின் வாய்மைக்காக நீ சாகச் சம்மதமா?" என்று அவனை எவரும் கேட்கவில்லை. கடைசியில் தெய்வம் வந்து உயிர்ப்பித்தது என்று கூத்தை முடித்து மங்களம் பாடிவிடுகிறோம். தெய்வம் வராத ஊரில் என்ன செய்வது என்பதே கிரிஷாமின் சிறுவன் கேட்கும் கேள்வி.

மார்க்குக்கு உண்மையின்மேல் பகை இல்லை. அவன் கேட்பதெல்லாம் முறை ஒன்றுதான்: முதலில் எங்களுக்குக் காப்பு, பிறகு என் வாயில் சொல். சர்க்கார் தரப்போ அதைத் தலைகீழாக்குகிறது: முதலில் சொல், பிறகு காப்பைப் பற்றிப் பார்ப்போம். ஆஸ்பத்திரியில் கத்தியைக் காட்டி ஒருவன் மிரட்டுகிறான். குடியிருந்த வண்டி வீடு தீக்கிரையாகிறது. தாயின் வேலை போகிறது. இத்தனையும் அவன் ஒரு சொல்லும் சொல்லாத முன்னரே நடந்துவிடுகின்றன. சொன்ன பின் என்ன நடக்கும் என்பதை அறியப் பெரிய அறிவு வேண்டுமோ? அவனை நெருக்கும் சர்க்கார் வக்கீல் ராய் பால்ட்ரிக் என்பவனுக்கு வேண்டியது சிறுவனின் க்ஷேமம் அன்று. வழக்கில் வெற்றி, பத்திரிகையில் படம், அடுத்த தேர்தலில் பதவி. உடல் கிடைக்காவிட்டால் வழக்கு நிற்காது. ஆகவே சிறுவன் பேசியாக வேண்டும். கொலையாளியின் பேராசையும் வழக்காளியின் பேராசையும் ஒரு பிள்ளையின் நாவை இருபுறமும் பற்றி இழுக்கும் காட்சியே இந்நாவலின் உயிர்நிலை. இதைக் கண்ட பிறகும் "சொல்லித் தொலைக்கக் கூடாதா" என்பவர்கள், தம்மை அறியாமலே பால்ட்ரிக்கின் கட்சியில் சேர்ந்துவிட்டார்கள்.

இது அமெரிக்காவில் மட்டும் நடக்கும் கூத்து என்று எவரும் எண்ணவேண்டா. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் நாம் ஒன்றைக் கண்டதுண்டு. ஸ்டோரிலிருந்து உரமூட்டைகள் காணாமற்போயின. பெரியவர்களைக் கேட்டால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அங்கே விளையாடிக்கொண்டிருந்த ஒன்பது வயதுச் சிறுமியை அழைத்து, மிட்டாய் கொடுத்து, "நீ நல்ல பிள்ளையாயிற்றே, யார் எடுத்தது சொல்லு" என்று கேட்டார்கள். அவள் கண்டதைச் சொன்னாள். மாலைக்குள் அவள் சொன்னது லயம் முழுவதும் தெரிந்துவிட்டது. அன்று முதல் குழாயடியில் அவள் தாயோடு பேசுவார் இல்லை. இரவில் அவர்கள் வீட்டுக் கூரையில் கல் விழுந்தது. அப்பிள்ளை ஒரு மாதம் பள்ளிக்குப் போகவில்லை. விசாரணை நடத்தியவருக்கு மேலிடத்தில் நற்பெயர் கிடைத்தது. உண்மை பேசிய அந்தச் சிறுமிக்கு என்ன கிடைத்தது? இனி எதைக் கண்டாலும் காணாததுபோல் இருக்கவேண்டும் என்னும் பாடம். உண்மை பேசாத சமுதாயத்தை உண்டாக்குவது எப்படி என்று கேட்பார்க்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுவதில்லை.

நான்காவது ஆட்சேபம்: "சட்டப்படி அவனுக்கு மௌனம் சாதிக்க உரிமை இல்லை."

இது கற்றவர்களின் ஆட்சேபம். கோர்ட்டில் மார்க் அமெரிக்க அரசியல் சட்டத்தின் ஐந்தாவது திருத்தத்தைச் சொல்லிப் பதிலளிக்க மறுக்கிறான். அத்திருத்தம் ஒருவன் தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்தப்படலாகாது என்பதற்காக ஏற்பட்டது. கொலை செய்தவன் வேறொருவன். இச்சிறுவனுக்கு அதில் பங்கில்லை. ஆகவே அச்சட்டம் இவனுக்குப் பொருந்தாது, ஆசிரியர் வாசகரை ஏமாற்றுகிறார் என்பது வாதம்.

இவ்வாதக்காரர்கள் சட்டத்தைப் படித்த அளவுக்கு நாவலைப் படிக்கவில்லை. கதையில் வரும் சிறார் கோர்ட்டு நீதிபதி ஹாரி ரூஸ்வெல்ட் சிறுவனிடம் இரக்கமுள்ளவர்தான். ஆயினும் அவன் சொன்ன சாக்கை ஏற்று அவனை விடுதலை செய்யவில்லை. மறுபடியும் காவலுக்கே அனுப்புகிறார். ஆசிரியருக்குச் சட்டம் தெரியாமல் இல்லை. அவரே மெம்பிஸ் நகரை ஒட்டிய மிஸிஸிப்பி மாகாணத்துச் சௌதேவனில் ஏறக்குறைய பத்து ஆண்டுகள் வக்கீலாயிருந்தவர். மாகாணச் சட்டசபையிலும் அங்கம் வகித்தவர். கோர்ட்டில் ஒரு சிறுமி சொன்ன சாட்சியத்தைக் கேட்டு மனம் பதைத்ததிலிருந்தே 1989-இல் வெளிவந்த அவரது முதல் நாவல் பிறந்தது. சாட்சிக் கூண்டில் குழந்தை நிற்பது என்னவென்று கண்ணால் கண்டவர் அவர்.

அவர் காட்ட வந்த அநீதி வேறு. அதனை நாம் நேரே சொல்லுகிறோம். கொலைகாரனுக்கு மௌன உரிமை உண்டு. அவனைக் கூண்டில் ஏற்றிப் பேசவைக்க எந்தச் சர்க்கார் வக்கீலாலும் முடியாது. ஆனால் ஒரு குற்றமும் செய்யாமல், கண்டதற்காகவும் கேட்டதற்காகவும் மட்டும் அஞ்சி நடுங்கும் பதினொரு வயதுப் பிள்ளைக்கு அவ்வுரிமை இல்லை, பேசாவிட்டால் காவல். குற்றவாளியின் அச்சத்தைச் சட்டம் மதிக்கிறது. நிரபராதியின் அச்சத்தை மதிக்கவில்லை. இந்த முரணைக் கண்டு உள்ளம் கொதிக்க வேண்டிய இடத்தில், "திருத்தம் பொருந்தாது" என்று உதட்டைப் பிதுக்குவது கற்றவர்க்கு அழகாகுமா?

சட்டம் தானாக ஒருநாளும் கனிந்ததில்லை. அமெரிக்காவில் சிறுவர்க்கென்று தனிக் கோர்ட்டு சிக்காகோ நகரில் 1899-இல் ஏற்பட்டது. அதுவரை நல்லதே. ஆனால் "நாங்கள் பிள்ளைகளுக்குத் தந்தை போன்றவர்கள்" என்று சொல்லிக்கொண்டே அக்கோர்ட்டுகள் பிள்ளைகளுக்கு வக்கீலே வேண்டாம் என்று நெடுங்காலம் நடத்தின. 1964-இல் அரிஸோனா மாகாணத்தில் ஜெரால்டு கால்ட் என்னும் பதினைந்து வயதுப் பையன், அண்டை வீட்டு அம்மையாருக்கு டெலிபோனில் ஆபாசமாகப் பேசினான் என்று பிடிக்கப்பட்டான். பெற்றோர் வேலைக்குப் போயிருந்த வேளையில், அவர்களுக்குத் தகவல்கூட வைக்காமல் கொண்டுபோனார்கள். புகார் செய்த அம்மையார் விசாரணைக்கே வரவில்லை. இருபத்தொரு வயது வரையில் சீர்திருத்தப் பள்ளியில் அடைக்கும்படி தீர்ப்பாயிற்று. அதே குற்றத்தைப் பெரியவர் ஒருவர் செய்திருந்தால் அதிகபட்ச தண்டனை ஐம்பது டாலர் அபராதம் அல்லது இரண்டு மாதச் சிறை! 1967-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இதனை மாற்றியமைத்து, சிறுவருக்கும் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையும், தமக்கெதிராகத் தாமே பேசாதிருக்கும் உரிமையும் உண்டென்று நிலைநாட்டியது. மார்க் கொடுத்த ஒரு டாலருக்குப் பின்னால் இவ்வளவு சரித்திரம் இருக்கிறது. அதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று நகைப்பவர்கள் இதனை அறியவேண்டும்.

"சிறுவன் சாட்சியம் எதற்கு ஆகும்?" என்பாரும் உளர். 1895-இலேயே அந்த உச்ச நீதிமன்றம், தன் தந்தை கொலையுண்ட வழக்கில் ஏறக்குறைய ஐந்தரை வயதுச் சிறுவன் சொன்ன சாட்சியத்தை ஏற்றது தவறில்லை என்று தீர்த்தது. வயது இத்தனை என்று கோடு கிழிக்க இயலாது, பிள்ளையின் அறிவையும் உண்மை பொய் வேற்றுமை அறியும் திறனையும் கண்டே முடிவு செய்யவேண்டும் என்றது. நூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கோர்ட்டுக்குத் தோன்றியது, இன்று நம் வாசக அன்பர்களுக்குத் தோன்றாதது வருந்தத்தக்கது.

புகழுரையிலும் ஒரு பிழை

இகழ்வோரை மட்டும் கண்டித்து, புகழ்வோரை விட்டுவிட்டால் நாம் நடுநிலை தவறியவராவோம். இந்நாவலைப் போற்றுவோரில் பெரும்பாலோர் ரெஜி லவ் அம்மையாரையே போற்றுகின்றனர். "தாயினும் சிறந்தாள்", "தெய்வம் போல வந்தாள்" என்கின்றனர். சினிமாப் படத்தில் அவ்வேடம் பூண்ட சூஸன் சரண்டன் அம்மையார் ஆஸ்கார் பரிசுக்குப் பிரேரிக்கப்பட்டது இந்தப் புகழை இன்னும் வளர்த்துவிட்டது.

இந்தப் புகழ் மொழியை நாம் ஏற்பதற்கில்லை. ரெஜியின் பெருமை அவள் தாயாக இருந்ததில் இல்லை. வக்கீலாக இருந்ததில் இருக்கிறது. மார்க்குக்குப் பெற்ற தாய் இருக்கிறாள். அவள் அன்பிலும் குறைவில்லை. அவளுக்கு இல்லாதது சட்ட அறிவும், காசும், எதிரே நின்று கேட்கும் துணிவும். ரெஜி அச்சிறுவனைக் கொஞ்சவில்லை. அவனைக் கட்சிக்காரனாக நடத்தினாள். ஒரு டாலரை வாங்கிக்கொண்டது அதற்காகத்தான். தானம் பெற்றவன் தலைகுனிந்து நிற்கவேண்டும். கூலி கொடுத்தவனோ, அது ஒரு டாலரே ஆயினும், என் வழக்கை நான் சொல்லுகிறபடி நடத்து என்று நிமிர்ந்து சொல்லலாம். அவன் சொன்ன இரகசியம் அவன் அனுமதியின்றி அவள் வாயிலிருந்து வெளிவராது என்பது வக்கீல் தொழிலின் தர்மம். அத்தர்மத்தின் நிழலில்தான் அந்தப் பிள்ளை முதன்முறையாக மூச்சு விடுகிறான். ஏழைக்கு இரக்கம் காட்டுவோர் எங்கும் உண்டு. ஏழையின் பிள்ளையை உரிமையுள்ளவனாக மதிப்போரே அரியர். தெய்வமாக்கிக் கும்பிட்டுவிட்டால் அவளைப் பின்பற்றவேண்டிய கடமை நம்மை விட்டு நீங்கிவிடும் அல்லவா? அதனாலேயே தெய்வமாக்கத் துடிக்கிறோம்.

நூலின் மெய்யான குறைகள்

நூலுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. பிற்பாதியில் ஓட்டமும் துரத்தலும் மிகுந்து, முற்பாதியில் எழுப்பிய கேள்வி மங்கிப்போகிறது. உடல் அங்கே உண்டா என்று பார்த்துவர, வக்கீலும் சிறுவனும் நியூ ஆர்லியன்ஸுக்கே இரவில் செல்வது நம்பத்தக்கதன்று. பொறுப்புள்ள வக்கீல் எவரும் அப்படிச் செய்யமாட்டார். கொலைக்கூட்டத்தார் தொடக்கத்தில் அச்சுறுத்துகிறார்கள். முடிவில் கோமாளிகளாகி விடுகிறார்கள். அச்சமூட்டாத பகைவனை வைத்து அச்சத்தைப் பற்றிய கதையை முடிப்பது எப்படி? இந்தக் குறைகளைச் சொல்லும் வாசகர்களோடு நமக்குப் பிணக்கில்லை.

ஆனால் "முடிவு சுபமாயிற்று, இதில் என்ன கனம் இருக்கிறது" என்பவர்களோடு பிணக்குண்டு. முடிவில் நடப்பது என்ன? சர்க்கார் சிறுவனின் நிபந்தனைக்கு இணங்குகிறது. 1970-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்கீழ் அமெரிக்காவில் ஏற்பட்ட சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் அக்குடும்பம் சேர்க்கப்படுகிறது. தம்பிக்குச் சிகிச்சை, தாய்க்கு வேலை, குடியிருக்க வீடு. அதன் பின்னரே அவன் வாய் திறக்கிறான். விமானம் ஏறிச் செல்கின்றனர். இதற்கு அவர்கள் கொடுத்த விலையைக் கணக்கிட்டுப் பாருங்கள். பிறந்த ஊர் இல்லை. பழைய நண்பர் இல்லை. பெயரும் இனி வேறு. தனக்காக நின்ற ஒரே மனிதராகிய ரெஜியையும் அச்சிறுவன் இனிக் காணமாட்டான். கொலை செய்தவன் வேறொருவன். ஊரைவிட்டுப் போகவேண்டியது இவர்கள். இதனைச் சுபம் என்று சொல்ல வாசகர்க்கு எப்படி மனம் வந்தது? விமானத்தின் கதவு மூடும்போது நம் கண் கலங்குமானால், அது பிரிவுக்காக மட்டும் அன்று. ஒரு பிள்ளை உண்மை பேச இத்தனையும் இழக்கவேண்டியிருக்கிறதே என்பதற்காகவும்தான்.

நமக்கு என்ன?

"எங்கோ மெம்பிஸில் நடந்த கதை, நமக்கென்ன?" என்று கேட்கும் அன்பர்களுக்கு ஒரு சொல். நம் மலேசிய நாட்டில் குழந்தைச் சாட்சிகளுக்கென 2007-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. எதிரியின் முகம் காணாதபடி திரை மறைவிலோ, வேறு அறையிலிருந்து நேரடி ஒளிபரப்பு மூலமோ பிள்ளை சாட்சி சொல்ல அது வழி செய்தது. 2009-இல் சாட்சிகளைப் பாதுகாக்கும் சட்டமும் வந்தது. சட்டசபை தன் கடமையில் ஒரு பங்கைச் செய்திருக்கிறது. இவற்றை அறிந்த பெற்றோர் நம் தோட்டத்தில் எத்தனை பேர்? பட்டணத்து அடுக்குமாடி வீடுகளில் எத்தனை பேர்? பிள்ளை ஒன்று வந்து, இன்னார் எனக்கு இன்ன கொடுமை செய்தார் என்று நா குழறிச் சொல்லும்போது, "சின்னப் பிள்ளை, உளறாதே, மானம் போய்விடும், வெளியே சொல்லாதே" என்று வாயைப் பொத்துவோரே மிகுதி. அதே பெரியவர்கள், தமக்கு வேண்டியபோது, "நல்ல பிள்ளையாயிற்றே, கண்டதைச் சொல்லு" என்று அதே வாயைப் பிளக்கவும் தயங்குவதில்லை. பொத்துவதும் பிளப்பதும் நம் கை; வாயோ பிள்ளையினுடையது!

ஆகவே வாசகத் தோழர்களை நாம் கேட்டுக்கொள்வது இதுவே. அடுத்த முறை இந்நாவலைப் பற்றி வாதிக்கும்போது, "அவன் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்பதை விடுங்கள். "சொன்னால் அவனை யார் காப்பார்?" என்று கேளுங்கள். படிப்பகத்தில் கேட்ட அக்கேள்வியை வீட்டிலும் கேளுங்கள். பள்ளியிலும், தோட்டத்து ஆபீசிலும், கோயில் கமிட்டியிலும், சங்கத்திலும் கேளுங்கள். ஒரு பிள்ளையை எதைப் பற்றியேனும் விசாரிக்க நேர்ந்தால், முதலில் அதன் தாயையோ தந்தையையோ, அவர்களை நம்பவியலாதாயின் நம்பத்தக்க வேறொருவரையோ, பக்கத்தில் அமர்த்துங்கள். சொல்வது எங்கே போகும், யார் காதுக்குப் போகும் என்பதை அதற்கு விளங்கச் சொல்லுங்கள். சொன்ன பின் ஏற்படும் துன்பத்தில் பங்கேற்க நீங்கள் ஆயத்தமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஆயத்தமில்லையெனில், அப்பிள்ளையின் மௌனத்தைக் குறை கூறும் யோக்கியதை உங்களுக்கு இல்லை.

வாய்மை பெரிது என்பதில் நமக்கு ஐயமில்லை. அதன் விலையைச் செலுத்தவேண்டியவர்கள் பெரியவர்கள். பதினொரு வயதுப் பிள்ளையின் சட்டைப் பையில் இருந்தது ஒரு டாலர். அதை அவன் கொடுத்துவிட்டான். மிச்சத்தைக் கொடுக்கவேண்டியவர்கள் நாம்.